பேரும் நாளும்

கடவுளை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. இரண்டு கட்சியையும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது. கடவுளுக்கே பிழை திருத்துகிற இனம்.

மலையாள தேசத்துக் கரமனையில் இந்த இனத்துக்குப் பட்டாபியைப் போல இன்னொரு மாதிரி கிடைக்காது. அரசாங்க ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் எழுதிய டிராஃப்டைத் திருத்தி ஓய்வு பெற்றவர். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் எவராவது பெருமூச்சோடு, "எல்லாம் பகவான் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டால் போதும், தொலைந்தார். கையிலிருக்கும் பால் திரிகிறவரை விடமாட்டார்.

"'பாத்துப்பார்' இல்லை ஓய், 'பாத்துக்கும்'! 'ஆர்' போட்டா ஆளாயிடறது. ஆளானா பேர் வேணும், பேர் வந்தா ஊர் வேணும், அப்புறம் சண்டைதான். பேரில்லாத பெருவெளி, அதாக்கும் விஷயம்!"

ஈசனும் சரி, பெருமாளும் சரி, பட்டாபியிடம் அகப்பட்டு அஃறிணையில் நின்றார்கள். நின்றன என்று எழுதவேண்டுமோ?

அவர் மனைவி சூடாமணி விளக்கேற்றி "கிருஷ்ணா" என்றால் உள்ளேயிருந்து திருத்தம் வரும்: "'அது'ன்னு சொல்லு!" பெயர் என்றாலே மனுஷருக்கு ஆகாது போலிருக்கிறது. நாற்பத்தொரு வருஷமாக மனைவியையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இந்தா" என்பார். கோபம் வந்தால் "இந்தாடீ".

போன ஆவணியில் சூடாமணிக்கு இருதய வால்வு மாற்றவேண்டும் என்றார் டாக்டர். கொஞ்சம் ரிஸ்க் உண்டு என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஆபரேஷன் பத்து மணிக்கு. எட்டரை மணிக்குப் பட்டாபி, "சாயா குடிச்சுட்டு வரேன்" என்று கிளம்பினார். சாயாக்கடை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. அவர் ஏறிய ஆட்டோ நின்றதோ ஆற்றங்கரைக் கோயிலில். பெருவெளியை எந்தக் கவுண்டரில் போய்ப் பார்ப்பது? புஷ்பாஞ்சலி அர்ச்சனைக்கு ரசீது கொடுக்கிற கவுண்டரில் போய் நின்றார்.

"பேரு?" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஸ்ரீலட்சுமி.

பழக்கதோஷம். "அதுக்குப் பேர் ஏதும்மா? பேரில்லாத பெரு..."

"சாரே, பகவான்டெ பேரல்ல. வழிபாடு ஆருக்கா? பேரும் நாளும் பறயணும்."

நாள் என்றால் இந்த ஊரில் நட்சத்திரம். பட்டாபி விழித்தார். கடவுளுக்கு என்னென்ன கிடையாது என்று மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் சொல்வார். சூடாமணிக்கு என்ன நட்சத்திரம்? வெட்கக்கேடு, தெரியவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. போனை எடுத்தார்.

"இந்தா, உன் நட்சத்திரம் என்ன?"

"எங்கே இருக்கேள்? மணிச் சத்தம் கேக்கறதே?"

"நாழியாறது, சொல்லு!"

சூடாமணிக்குப் புரிந்துவிட்டது. "சொல்றேன். பேர் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லை."

"முதல்ல அதைச் சொல்லுங்கோ. நான் கேக்கணும்."

வரிசை மொத்தமும் அவரையே பார்த்தது. "சூடாமணி" என்று முனகினார்.

"கேட்டில்ல சாரே, உறக்கெப் பறயூ!" என்றாள் ஸ்ரீலட்சுமி, காதில் விழாமல்.

"சூடாமணி!" என்று கத்தினார், கோயில் புறாவெல்லாம் எழும்புகிற மாதிரி.

போனில் சூடாமணி, "பூராடம்" என்றாள்.

சந்நிதியில் நின்றபோது 'அது' என்று வாயில் வரவில்லை. "அப்பா, அவளைக் காப்பாத்துப்பா" என்றுதான் வந்தது. பிழை திருத்த யாருக்கு நேரம்?

சூடாமணி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டாபியும் பழையபடி பால் பூத்தில் நின்று திருத்திக்கொண்டிருக்கிறார். சந்நிதியில் அவருக்கு வாயில் வந்ததுவரை எனக்கு எப்படித் தெரியும் என்று நோண்டாதீர்கள். என் பேரும் பட்டாபிதான், ஆனால் அது வேறொரு பட்டாபி.

உங்கள் சங்கதிக்கு வருவோம். கடவுளைப் பற்றி உங்களுக்கும் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருக்குமே? இருக்கட்டும், அதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை உங்களுக்குக் காபி கொடுத்தவருக்கு என்ன நட்சத்திரம்? போனை எடுக்கக்கூடாது.