ஏழு புத்தகம் குறைவு

எங்கள் துறைமுகத்தில் டேலி அண்ணாச்சியை ஏமாற்றிவிட்டு ஒரு மூட்டைகூடக் கரையேறியதில்லை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒன்று குறைந்தாலும் போட மாட்டார். ஒரே ஒரு மூட்டைக்காகக் கேப்டனை மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தியவர். அவருடைய சொந்தப் பெயர் கேட் பாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணாச்சியின் மனைவிக்கு, எங்கள் மதினிக்கு, ஒரு வருஷத்துக்குள் இதய வால்வு மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆபரேஷனுக்குள் முழு பைபிளையும் ஒரு வரி விடாமல் படிப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். வீட்டு பைபிள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பூவோடு இருந்தது. துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் நிலக்கரித் தூசி படுமாம். அதனால் என்னுடையதை வாங்கிக்கொண்டார். நான் கத்தோலிக்கன் இல்லை, வேறு சபை. என் பைபிளில் தூசி படலாம்!

தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் நாலு அதிகாரம். சத்தமாக. அதிகாரத்துக்கு ஒரு டிக். இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று வம்சவரிசை வந்த வாரம் கிரேன் டிரைவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

"இத மட்டும் தள்ளிருங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"தள்ளுனா எண்ணிக்கை உதைக்கும்லே."

திங்கட்கிழமை ஆபரேஷன். வெள்ளிக்கிழமை மதியம் முடித்துவிட்டு எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் பங்குச் சாமியாரிடம் டிக் போட்ட பைபிளைக் காட்டப் போனவர், நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, ஏழு புத்தகம் குறையுதுன்னு சாமியார் சொல்லுதாரு. எங்கனலே வச்ச?"

"எங்க பைபிள்ல அவ்வளவுதான் அண்ணாச்சி. அறுபத்தாறு. உங்களுக்குத்தான் எழுபத்து மூணு."

"குடுக்கும்போதே சொல்ல மாட்டியாலே?"

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டு பைபிள் பூவை உதறிவிட்டுக் கீழே இறங்கியது. சனி, ஞாயிறில் ஆறு புத்தகம் முடித்துவிட்டார். திங்கள் காலை ஆஸ்பத்திரியில் ஏழாவது பாதியில் நிற்கும்போது நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். அண்ணாச்சி பேனாவைத் தொடவில்லை.

"இன்னும் எட்டு அதிகாரம் இருக்கும்மா. குறை வச்சு நான் கையெழுத்து போட்டதில்ல."

டாக்டர் வந்து அதட்டினார், பிறகு கெஞ்சினார். கூடப் போயிருந்த நானும் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. தள்ளுவண்டியில் படுத்திருந்த மதினிதான் தலையைத் தூக்கினார்.

"இந்தாருங்க, போடுங்க. மிச்சத்த நான் உள்ள இருக்கையில படிங்க. நீங்க முடிக்காம நான் எங்கயும் போக மாட்டேன்."

போட்டார். சர்வீஸிலேயே முதல் தடவையாக, குறையோடு.

கதவு மூடியதும் பைபிளை விரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, எழுத்து தெரியவில்லை. நான் வாங்கி வாசித்தேன். கடனைக் கழிக்கிற வேகத்தில் ஒரு பக்கம் வாசித்து முடித்திருப்பேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதலே. அவ வெளிய வார வரைக்கும் இது தீரக் கூடாது."

எட்டு அதிகாரத்தை நாலு மணி நேரம் வாசித்தேன். மதினியை உயிரோடு வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் கடைசி வரியை வாசிக்க விட்டார். அது எங்கள் சபை சேர்த்துக்கொள்ளாத புத்தகம். ஆனால் என் ஆயுசில் நான் மனசார வாசித்தது அது ஒன்றைத்தான்.