பரம்பரையர் போட்ட இரட்டைக் கோடு

அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஏழு மாத வயிற்றோடு என் மனைவி வதனி, பரம்பரையர். மூன்று பேர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பரம்பரையர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டின் செத்துப்போன பூட்டன், பூட்டி எல்லாரும் எழும்பி வந்து கதிரை பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். காதுச் சோணையைப் பார்த்தே ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவைச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பாட்மெண்டில் அவர் எங்களுக்கு இரண்டு மாடி மேலே. பகலில் செக்யூரிட்டி வேலை. வாரத்தில் இரண்டு பின்னேரம் கல்லூரியில் மனித மரபியல் படிப்பு. சண்டையால் ஊரில் பாதியில் நின்ற படிப்பை நாற்பத்தைந்து வயதில் விட்ட இடத்தில் பிடித்திருந்தார். பரம்பரையர் என்பது நாங்கள் வைத்த பட்டம்; சொந்தப் பெயர் அவருடைய தபால் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

படித்ததைத் தனக்குள் வைத்திருக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் நாக்கைக் குழல்போலச் சுருட்டிக் காட்டி, உங்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டார். அந்த மனிதர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். “பாத்தீரே, சுருட்ட வராது. வெக்கத்தில இறங்கிறார்” என்றார் பரம்பரையர்.

இன்னொருநாள் ஒரு கலியாண வீட்டில் மணமேடைக்கு ஏறியவர், வாழ்த்தாமல் மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குக் காதில் ஏதோ வருத்தமாம் என்ற செய்தி, அவர் மேடையை விட்டு இறங்குமுன் கடைசி மேசைக்குப் போய்விட்டது.

இந்த மனிதரைத்தான் நான் வீட்டுக்குள் விட்டேன். கல்லூரியில் ஏதாவது ஒரு குடும்பத்தின் வம்ச வரைபடம் கீறிவரச் சொன்னார்களாம். மற்ற வீடுகளெல்லாம் கதவைச் சாத்திவிட்டன. எனக்கு இல்லை என்று சொல்லப் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாராவது பேனாவோடு கேள்வி கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

வதனி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போயிருந்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று மேசை நிறைய எங்கள் ஆட்கள்.

“அண்ணை, மற்ற சோடியளுக்கு நடுவில ஒரு கோடு. எங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?”

“நீர் மாமன்ர மகளைத்தானே கட்டினீர்? ரத்த உறவுக்குள்ள கலியாணமெண்டால் ரெட்டைக் கோடு போட வேணும்.”

“கீழ நிக்கிற சரிஞ்ச சதுரம்?”

“வயித்தில இருக்கிற பிள்ளை. ஆணோ பெண்ணோ தெரியாதெல்லோ.”

“சில ஆக்களைக் கறுப்பாய் நிரப்பியிருக்கிறீங்கள்?”

“இது காதுச் சோணை கன்னத்தோட ஒட்டின ஆக்கள். நோய் வருத்தங்களையும் இப்பிடித்தான் கீறுறது. சொந்தத்துக்குள்ள கட்டினால் ஒளிச்சு நிக்கிறது வெளியில வாறதுக்குச் சந்தர்ப்பம் கூட, தெரியுமே!”

பரீட்சையில் கேட்ட கேள்விக்கு விடை சொன்ன சந்தோசத்தோடு நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்று ஏழாம் மாடிக்குப் படியேறுபவன் நான். அதற்குப் பிறகு என் நிலைமையைக் கேட்கவேண்டுமா? வதனியிடம் சொல்லவும் முடியாது. சாப்பாட்டில் கை வைத்தால் அந்தச் சரிந்த சதுரம் சாப்பாட்டுக் கோப்பைக்குள் கிடந்தது. அதைக் கறுப்பாக நிரப்பிவிடுவார்களோ என்பதே ஒரே யோசனை.

பரம்பரையர் தன் புரொஃபெசரிடம் போய்க் கேட்டுவிட்டு ஓடிவந்தார். “கொஞ்சம் கூடத்தானாம். ஆனால் நூறில தொண்ணூறுக்கும் மேல பிள்ளையள் சுகமாய்த்தான் பிறக்குமாம். நீர் டொக்டரிட்டயும் சொல்லும்.” டொக்டரிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். நான் இருவரையும் நம்பவில்லை.

கடைசியில் பரம்பரையர் ஒரு பெரிய சட்டி நிறைய வறுத்த கச்சான் கடலையோடு வந்தார். அதற்குள் நாலைந்து கருகினது.

“நல்லாக் கலக்கியிருக்கிறன். கருகினது வருத்தம், மற்றதெல்லாம் சுகம். கண்ணை மூடிக்கொண்டு ஒண்டு எடும். அப்ப விளங்கும்.”

கண்ணை மூடினேன். எடுத்தேன். திறந்தேன்.

கருகினது.

பரம்பரையர் அதை என் கையிலிருந்து பறித்து வாயில் போட்டு விழுங்கினார். “உது கணக்கில்லை. திருப்பி எடும்.”

“இஞ்ச என்ன விளையாட்டு நடக்குது?” வதனி வாசலில் நின்றாள். எனக்குப் பொய் சொல்ல வராது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“உங்கட அம்மாவும் என்ர அப்பாவும் கூடப் பிறந்தவை எண்டு இப்பதான் தெரியுமோ? தாலி கட்டேக்க இந்தப் பயம் எங்க போச்சு?” என்றவள் பரம்பரையரின் பக்கம் திரும்பினாள். “அண்ணை, உந்தாளுக்கு இனி ஒரு பாடமும் நடத்தாதேங்கோ.” கருகினதா நல்லதா என்று பார்க்காமல் ஒரு பிடி கச்சானை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். யன்னலைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லாமல் வாயை அப்படியே வைத்திருந்தாள்.

மாதம் நிறைந்து அவளுக்கு நோவு எடுத்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பரம்பரையருக்குக் கல்லூரியில் கடைசிச் சோதனையும் அன்றுதான், பின்னேரம் ஆறு மணிக்கு. எங்களிடம் கார் இல்லை. அவர் தன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கல்லூரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தேன். பிடித்தது எனக்கே தெரியவில்லை.

“தம்பி, எனக்குச் சோதினை.”

“ஓம் அண்ணை, போயிட்டு வாங்கோ” என்றேன். கையை விடவில்லை.

ஐந்து மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தரைக்குப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஏழேகாலுக்கு மகள் பிறந்தாள். விரல்களை நான் மூன்று தரம் எண்ணினேன். டொக்டர் சிரித்துக்கொண்டே, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று இரண்டு தரம் சொன்னார். என்னைப் பார்த்தவுடன் மூன்றாம் தரமும் சொன்னார். வதனி அப்போதுதான் அழுதாள்.

பிள்ளையைப் பார்க்கக் குடும்பத்தவருக்கு மட்டும்தான் அனுமதி என்று நேர்ஸ் பரம்பரையரிடம் ஒரு படிவத்தை நீட்டினார். என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். ரத்தம் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று ஊரெல்லாம் கோடு கீறித் திரிந்த மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல் “தாயின் சகோதரன்” என்று இங்கிலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நாட்டைவிட்டுப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று நடுங்குகிற நான், பக்கத்தில் நின்று அதை வாசித்தேன். திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.