இடது கன்னத்துக் கோடு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கு நான், மகள், மாப்பிள்ளை மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். சனிக்கிழமைக்குள் நீங்கள் வராவிட்டால் கூடத்து நீல சோபாவின் உறையை என் மகள் கிழித்தெறியப் போகிறாள்.

விஷயம் இதுதான். அந்த சோபாவின் கைப்பிடி ஓரத்தில், துணிக்குள் கயிறு வைத்துத் தைத்த புடைப்பான விளிம்பு ஒன்று ஓடுகிறது. கடைசி நாட்களில் உங்கள் தங்கைக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். சோபாவில் சாய்ந்து, கைப்பிடியில் கன்னத்தை வைத்துத்தான் தூங்கினாள். காலையில் இடது கன்னத்தில் கோடு விழுந்திருக்கும். "என்ன மகாராணி, அடிக்கோடு போட்டிருக்கு, முக்கியமான பக்கமா?" என்று கேலி செய்வேன். "உங்க மூஞ்சியிலதான் திருத்த வேண்டியது நிறைய இருக்கு, முதல்ல அதைப் பாருங்க" என்பாள். அவள் போனபிறகு எனக்குக் கட்டிலில் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் கன்னம் வைத்த இடத்தில் என் கன்னத்தை வைத்தேன், பிடித்தது. இதையெல்லாம் மகளிடம் சொல்ல முடியுமா? எல்லோரும் எழுவதற்குள் அறைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். கோடு மட்டும் கூடவே வந்துவிடும். வயசான தோல் பாருங்கள், மத்தியானம் வரை மறையாது.

மகள் கண்ணில் பட்டுவிட்டது. முதலில் தலையணையை மாற்றினாள், பிறகு சோப்பை, பிறகு எனக்கு முட்டையை நிறுத்தினாள். மாப்பிள்ளை தன் பங்குக்குப் போனில் தேடி, எனக்கு என்னென்ன வியாதி இருக்கலாம் என்று சாப்பாட்டு வேளையில் வாசித்துக் காட்டினார். கடைசியில் தோல் டாக்டர். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, சீட்டில் ஆங்கிலத்தில் 'வெல்ட்' என்று எழுதிக் களிம்பு கொடுத்தார். அச்சகத்தில் பிழை பார்த்தே தலை நரைத்தவன் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். பிரம்படி பட்ட தடிப்பு என்கிறது. ஷூவின் மேல்தோலையும் அடியையும் சேர்க்கிற பட்டை என்கிறது. ஸ்வெட்டரின் கீழ்விளிம்பு என்கிறது. போதாக்குறைக்கு, மெத்தை உறையின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பதும் அதுதானாம். என் நோயும் அதன் காரணமும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன மச்சான்! மகள் பார்ப்பதற்குள் மூடி வைத்துவிட்டேன்.

அதற்குள் எதிர்வீட்டம்மா என்னை வாசலில் மடக்கினார். "மறைக்காதீங்கய்யா. அடிக்கிறது யாரு, பொண்ணா, மாப்பிள்ளையா?"

"ஐயோ, தூங்கினதுல விழுந்த கோடும்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கடைக்குப் போனால் இப்போது அங்கே நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடுகிறது. அடுத்த தடவை டாக்டரும் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாராவது உங்கமேல கை வைக்கிறாங்களா?" என்றார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். "அம்மாவத்தான் காப்பாத்த முடியல. உங்களையாவது நல்லாப் பாத்துக்கணும்னுதானேப்பா..." அதற்குமேல் எந்த அப்பன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோபா தைக்கிறவருக்குப் போன் போட்டாள். அவர் சனிக்கிழமை வந்து பழைய உறையைப் பிரித்து, ஓரமே இல்லாமல் வழவழவென்று புதிதாகத் தைத்துத் தருவாராம். "அப்பா எங்க வேணா தூங்கட்டும், கன்னத்துல எதுவும் உறுத்தக்கூடாது" என்கிறாள். பாசக்காரி! உறுத்தாமல் நான் எப்படித் தூங்குவேன் மச்சான்? தாய்மாமன் பேச்சை அவள் தட்டமாட்டாள். வந்து ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் போங்கள். எனக்காக அழுத பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், இல்லாவிட்டால் நன்றாகச் சாப்பிடவாவது செய்யட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உங்கள் தங்கை கணவன்

பி.கு.: இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோதே, சோபா தைக்கிறவர் நாலு நாள் முன்னதாகவே வந்து நின்றார். மகள்தான் கதவைத் திறந்தாள். "வேண்டாங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். "ஏம்மா?" என்றேன். திரும்பினாள். அவள் கன்னத்திலும் காது வரைக்கும் அதே கோடு. "இப்பத்தான் சும்மா கொஞ்சம் சாஞ்சு பாத்தேன்ப்பா. எந்திரிக்க மனசே வரல." இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தோம். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். இனி நான் மகளை அடிக்கிறேன் என்று தெரு பேசும், பேசட்டும். நீங்கள் புறப்பட வேண்டாம். வந்தாலும் சோபாவில் உங்களுக்கு இடமில்லை.