தோன் பாசிலியோவின் சீப்பு

நெஸ்டரின் பின்பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கள்ளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பெண் கேட்க வந்த இடத்தில் ஒரு மனுஷனுக்கு இப்படியா ஆக வேண்டும்!

எதிரே யோலாந்தாவின் அப்பா தோன் பாசிலியோ செல்போனும் கையுமாக நின்றார். "இன்னும் ஒரு எட்டு பின்னால போ தம்பி, செடியும் படத்துல விழட்டும்" என்று அவர்தான் சொன்னார். பஞ்சு அடைத்த கரடிப் பொம்மை மாதிரி சாதுவாக இருந்தது செடி. இவனும் போனான்.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"வெயில் ஐயா."

"பாலைவனத்துலயே பொறந்து வளந்தவன்னு சொன்ன. உனக்கா வெயிலு?"

சொன்னான்தான். அரிசோனாவில் நாலு தலைமுறையாக மாடு வளர்க்கும் குடும்பம், சிகாகோவிலிருந்து வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெண் கொடுக்குமா? "தெரியாததைத் தெரியும்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காத" என்று யோலாந்தா காரிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! இந்தப் பாலைவன விலங்குப் பூங்காவின் வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று பொய் சொல்லியாயிற்று. அவள் இப்போது ஐஸ் வாங்கப் போயிருந்தாள்.

தோன் பாசிலியோ நரிக்கூண்டுப் பக்கம் திரும்பினார். அவர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. ஆனால் சட்டைப் பையில் அகலப் பல் சீப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. காலையிலிருந்து நெஸ்டருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. இப்போது சிரிப்பு வரவில்லை.

வலது கையால் துண்டைப் பிடித்து இழுத்தான். அது பேண்ட்டை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ!"

"கூப்பிட்டியா?"

"நரி கத்துச்சு ஐயா."

நரி வாயை மூடிக்கொண்டு தூங்கியது.

இடது கையால் பிடுங்கினான். துண்டு இரண்டாக உடைந்து, கைக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் கிடந்த எதையோ எடுத்து இரண்டு கைகளாலும் அழுத்தித் தேய்த்தான். அதுவும் கைகளோடு சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் பார்த்தான், அது தோன் பாசிலியோவின் தொப்பி.

"என் கல்யாணத் தொப்பி" என்றார் அவர், பின்னாலிருந்து. "முள்ளு ஒட்டுனா என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியாததா? பண்ணு, பாப்போம்."

அந்த நேரத்திலும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "வெயில்ல காட்டுனா தானா விழுந்துடும் ஐயா."

"அப்படியா? காட்டு."

பத்து நிமிஷம் காட்டினான். சர்ச் வாசலில் காணிக்கை வாங்குகிறவன் போலத் தொப்பியை ஏந்தி நின்றான். ஒரு குழந்தை அதில் காசு போட்டுவிட்டுப் போனது. கையெல்லாம் ரத்தம். தூரத்தில் யோலாந்தா மூன்று ஐஸ் கிண்ணங்களோடு வருவது தெரிந்தது. இனி அவள் தனக்கில்லை என்று நினைத்ததும் நெஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, எல்லாம் பொய். நான் சிகாகோக்காரன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். கள்ளிய தொட்டியிலகூட வச்சதில்ல. மாட்டக் கண்டா பயம். உங்க பொண்ணு இல்லாம என்னால இருக்க முடியாது, அது ஒண்ணுதான் நிஜம். போகச் சொன்னா போயிடறேன். தொப்பிய எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

தோன் பாசிலியோ கிட்டே வந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். கைக்கும் துண்டுக்கும் நடுவே பல்லைக் கொடுத்து ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. அவ்வளவுதான், இரண்டு துண்டும் தொப்பியோடு மண்ணில் கிடந்தன.

"திரும்பி நில்லுங்க மாப்பிள்ளை. பின்னால இன்னும் நாலு முள்ளு இருக்கு."

நெஸ்டர் வாயைப் பிளந்தான். பக்கத்தில் ஆமைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பூங்கா வேலைக்காரி செலியா துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"என்ன பாசிலியோ மாமா, இன்னிக்குச் சீப்பு வெளிய வந்துடுச்சு? இதுக்கு முன்னால அந்தச் செடிகிட்ட நிக்க வச்ச ரெண்டு மாப்பிள்ளைங்களும் முள்ளோடதானே வீட்டுக்குப் போனாங்க!"