மேஜருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாத விஷயம்

அருகன் துணை

முசரவாக்கம்,
17-2-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஜினேந்திரன் அவர்களுக்கு மாமனார் பார்சுவநாதன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை மதனவதியும் பசுவும் கன்றும் நலம். மேஜர் மட்டும் நலமில்லை. அது பற்றியே இந்தக் கடிதம். அங்கே உங்கள் நலத்தையும் குழந்தை திரிசலாவின் நலத்தையும் என் மகள் பிராமியை எழுதச் சொல்லவும். நீங்கள் எழுதினால் தபால்காரர் கந்தனைத் தவிர யாராலும் படிக்க முடிவதில்லை. அவர் படித்தாலோ எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாகபுரியிலிருந்து சென்னைக்கே மாற்றல் கிடைத்து வந்ததில் சந்தோஷம். திருவான்மியூரில் வீடு கிடைத்ததில் இன்னும் சந்தோஷம். வாசலிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் கடல், சாயங்காலத்தில் நாயை அவிழ்த்துவிட்டால் மணலில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, ஆகையால் 27-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து மேஜரை அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நாய் உங்களுடையது, அதில் தகராறு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நாகபுரி போகும்போது, "ரெண்டே மாசம் மாமா" என்று சொல்லி ஒரு பிரம்புக் கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்போது கூடையில் அடங்கினான். இப்போது அவன் நீட்டிப் படுத்தால் கட்டிலில் எனக்கு இடமில்லை. நான் குறை சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

நம் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. மேஜரும் அப்படியே. ஐந்தரை மணிக்கு அவனுக்குத் தயிர்சாதம். அவன் தட்டைக் காலி செய்த பிறகுதான் நான் இலையில் உட்காருவேன். யாரும் விதித்ததல்ல, பழகிவிட்டது. இப்படி ஒழுங்காக வளர்ந்த ஜீவனைக் கடலோரத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்று சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று தோன்றிற்று. எனவே சென்ற திங்கட்கிழமை அவனை மகாபலிபுரம் அழைத்துப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன் மேல்சித்தாமூர் ஜைன மடத்தில், பட்டுத் துணியைத் தொடுவதில்லை, பொய் சொல்வதில்லை என்று இரண்டு விரதம் எடுத்துக்கொண்டவன் நான். இதில் ஒரு சொல் பொய்யென்று நீங்கள் காட்ட முடியாது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "நாயெல்லாம் ஏத்த மாட்டோம் பெரியவரே, எறங்குங்க" என்று சொல்லிவிட்டார். டிக்கெட் வாங்குகிறேன் என்றேன், யாருக்கு என்றார், அவனுக்கும்தான் என்றேன், அவர் விசிலை ஊதிவிட்டார். நாங்கள் ரோட்டோரம் நிற்கிறபோது, பட்டுக்கடை கோதண்டபாணி காரை நிறுத்தி, "இன்னா நயினாரே, நாயைக் கூட்டிக்கினு எந்த ஊரு கல்யாணத்துக்கு?" என்று கேட்டார். மகாபலிபுரம், கடல் பார்க்க என்றேன். "யாரு, நீங்களா?" என்றார். அவன் என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அங்கே வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலுக்குப் புடவை கொண்டுபோகிறாராம். பின் சீட்டு முழுக்கத் துணி சுற்றிய பட்டுப் புடவை மூட்டைகள். நான் விரதக்காரனாயிற்றே, கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். மேஜருக்கு அந்த விரதம் இல்லை. செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு மூட்டைமேல் தலையை வைத்துத் தூங்கி எச்சில் விட ஆரம்பித்தான். கோதண்டபாணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நயினாரே, அது முகூர்த்தப் புடவை! தலைய நவுத்துங்க" என்று கத்தினார். என் கை பட்டில் படுமே, நீங்களே வந்து நகர்த்துங்கள் என்றேன். மனிதர் வெயிலில் காரை நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, நாயின் தலையை இரண்டு கையாலும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் மேஜர் அவர் முகத்தை நக்கினான், அவர் என்னைத்தான் முறைத்தார்.

மூன்று மணிக்கு மணலில் இறங்கினோம். கடலைக் கண்டதும் மேஜர் குரைக்க ஆரம்பித்தான். அரைமணி நேரம் மூச்சுவிடாமல் குரைத்தான். அவன் பார்த்த தண்ணீரெல்லாம் தாமல் ஏரிதான். அது இருந்த இடத்தில் இருக்கும், இது எழுந்து வந்து அடிக்கிறதே! கடல்நீரைக் குடித்தான், வாந்தி எடுத்தான். துணியில் வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு கூஜா நிறையக் கொண்டுபோயிருந்தேன், அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த வடிவு என்கிற பெண்மணி, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், இவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, இத்த மொதல்ல இட்டுக்கினு போங்க" என்றார். கடலைப் பற்றி அவரைவிட நமக்கென்ன தெரியும்? ஐந்தரை மணிக்குத் தயிர்சாதத்தைத் தட்டில் கொட்டி, "மேஜர், சாதம்டா" என்று கூப்பிட்டேன். பத்துத் தரம் கூப்பிட்டிருப்பேன். ஒரு பருக்கை தொடவில்லை. எனக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் பொழுது இறங்குகிறது, அப்பா சாமி, ஒரே ஒரு வாய் தின்னுடா என்று கெஞ்சுகிறேன், அவன் காதில் விழவில்லை. பொழுது போய்விட்டது. அவன் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. அறுபத்து நாலு வயதில் ராத்திரி முழுக்கப் பட்டினி. காரில் ஏற்றும்போது உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கினான். திருக்கழுக்குன்றம் வரை ஊளையிட்டான். மறுநாள் எழுந்திருக்கவே இல்லை, கன்றைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை.

ஆகையால் மாப்பிள்ளை, அவன் நன்மையை உத்தேசித்து, மேஜர் இங்கேயே இருந்துவிடட்டும். குழந்தை அழுதால் ஒரு கிளி வாங்கிக் கொடுங்கள். வேண்டாம், கூண்டில் அடைப்பது பாவம். மரத்தில் செய்த கிளி வாங்கிக் கொடுங்கள். எல்லா உயிரும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினம் காலையில் சொல்கிற வாயால் உங்கள் மூவரையும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பார்சுவநாதன்

பின்குறிப்பு (19-2-1972):

உறையை ஒட்டுவதற்கு முன் இதை மதனவதிக்குப் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "எல்லாம் நெசந்தாங்க. ஆனா அது ஏன் ஊளையிட்டுதுன்னு எழுதலியே?" என்றாள். மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லையே என்றேன். "திங்கக்கெழம வந்ததும் வராததுமா எங்கிட்ட சொன்னீங்களே, அது வேற மாதிரி இருந்துதே. பசியோட வந்து, பல்லெல்லாம் தெரிய சிரிச்சிக்கினு சொன்னீங்க" என்றாள். உனக்கென்ன தெரியும் என்று கோபித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். இரண்டு நாளாகக் கடிதம் மாடத்தில் கிடக்கிறது. கிழித்துப் போடுங்கள் என்கிறாள். மூன்று நாள் யோசித்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே அதில் விட்டுப்போனதை மட்டும் கீழே எழுதுகிறேன்.

அரைமணி குரைத்தான் என்றேன். அலை வரும்போது பின்னால் ஓடி, போகும்போது துரத்திக்கொண்டு ஓடி, வாலைச் சுழற்றிச் சுழற்றிக் குரைத்தான். உப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் போய் அதையே குடித்தான். வடிவு சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். "பெரியவரே, இத்த மொதல்ல இட்டுக்கினு போங்க, இல்லாங்காட்டி கட்டுமரத்துல ஏறி எங்க வூட்டுக்காரரோட போயிடும்" என்பது முழுப் பேச்சு. சாதம் தொடவில்லை என்றேனே, தண்ணீரை விட்டு வந்தால்தானே தொடுவான்? நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டும் கையுமாக முழங்கால் ஆழத்தில் நின்றேன், அந்தம்மாள் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். நடுங்கினது ஈரத்தால். ஊளையிட்டது திரும்பி வருகிறோம் என்பதால். மறுநாள் படுத்தே கிடந்தான் என்றேன், எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான் என்று எழுதவில்லை. கிழக்குப் பக்கம். இன்றைக்கும் அப்படித்தான் படுத்திருக்கிறான்.

இதுவரை எழுதியதைக் கேட்டுவிட்டு மதனவதி பால் கறக்கப் போயிருக்கிறாள். அவளிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. வடிவு காயப்போட்டிருந்த கருவாட்டில் ஒன்றை மேஜர் தின்றுவிட்டான். நான் பார்த்தேன், தடுக்கவில்லை. தடுக்கும் தூரத்தில் இல்லை என்று எழுத வந்தது; இருந்தேன். உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

என் வருத்தம் கருவாட்டில் இல்லை மாப்பிள்ளை. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அவன் ஒரு தரம்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வருஷத்தில் நான் கொல்லைக்குப் போனாலும் கூடவே வருகிறவன். அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

27-ம் தேதி நீங்கள் வர வேண்டாம். நானே அழைத்து வருகிறேன். கோதண்டபாணிக்கு அன்று சென்னையில் வேலை இருக்கிறதாம். "நாயிக்கு ஒரு தலவாணி எடுத்துக்கினு வந்துடுங்க நயினாரே" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வராமல் நேரே கடற்கரைக்குத்தான் வருகிறோம், திரிசலாவை அங்கே அழைத்து வாருங்கள். அவன் தண்ணீரில் இறங்கி விளையாடுகிற சமயத்தில் திரிசலா கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டு நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று மதனவதியிடம் சொன்னேன். "உங்களால முடியுங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை. எதற்கும் பிராமியிடம் சொல்லி ஐந்தரை மணிக்கு எனக்கு இலை போட்டுவிடச் சொல்லுங்கள். அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் உட்கார்ந்து பார்க்கிறேன்.