எரிவு பார்த்த கை

1975 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை, புத்தூரில் பஸ் சாரதி சீவரத்தினத்தின் இடது காலில் மிளகாய் எண்ணெய் பூசப்பட்டது.

இடுப்பிலிருந்து குதிக்கால் வரை இழுக்கும் நரம்பு நோ மூன்று மாதமாக அவரை வாட்டியது. கிளச்சை மிதிக்க முடியவில்லை. திங்கட்கிழமை டிப்போவில் நடக்கும் பரிசோதனையில் தவறினால் வேலை போய்விடும். செத்தல் மிளகாய்ச் சாறு நரம்பு நோவை மரக்கச் செய்யலாம் என்று பேப்பரில் வாசித்த நாளிலிருந்து மனைவி பராசக்தியை அரித்தெடுத்தார்.

அவள் செத்தலை நல்லெண்ணெயில் காய்ச்சி, தாச்சிச் சட்டியை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கினாள். ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"எரிவே இல்லையப்பா."

"அப்ப இன்னும் ரண்டு பிடி போடன்! எல்லாத்திலையும் உனக்குக் கஞ்சத்தனம்."

போட்டாள். காய்ச்சினாள். பூசினாள்.

"ஐயோ, கொல்லுறாளே!"

கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். எரிவு பாதத்துக்கு இறங்கியது. துடைத்தாள். தொடைக்கு ஏறியது. மோர் தடவினாள், மிளகாய் ஊறிய அதே கையால்.

"கையைக் கழுவினனியோடி?"

"எரியேல்லை எண்டுறன், பிறகேன் கழுவ?"

அவருடைய கண்ணீரையும் அவளே துடைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவின் காரில் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சீவரத்தினம் கண்ணை மூடியபடி ஏசினார்.

"வேணுமெண்டு செய்தவள்! மனிசக் கையே அது? மாட்டுத்தோல்!"

"ஓம், மாட்டுத்தோல்தான். பதினைஞ்சு வருசம் மிளகாய்த் தோட்டத்திலை பழம் ஆய்ஞ்ச கை. இந்த மூண்டு மாசமும் உங்களுக்குச் சோறு போட்டது உந்தக் கைதான்."

தம்பிஐயா காரை இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஏச்சு ஓயவில்லை. தாதி அற்புதராணி அவர் காலைக் கழுவிக் களிம்பு பூசிக்கொண்டே இருவர் சொன்னதையும் கேட்டாள். பிறகு பராசக்தியின் கையை இழுத்து, விரலில் ஊசியால் குத்தினாள். பராசக்தி கணவனைத் திருப்பி ஏசிக்கொண்டேயிருந்தாள். விரலில் இரத்தம் துளிர்த்தது.

"அம்மா, குத்தினது தெரியேல்லையோ?"

"ஆருக்குக் குத்தினனீங்கள், மிஸி?"

அற்புதராணி சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எரியுதெண்டு கத்திற உங்கடை நரம்புக்கு உயிர் இருக்கு. இறங்குங்கோ. கட்டில் அம்மாவுக்கு."

பராசக்தி அன்றே வாட்டில் சேர்க்கப்பட்டாள். திங்கட்கிழமைப் பரிசோதனைக்குச் சீவரத்தினம் போகவில்லை; அவள் கட்டிலடியில் இருந்தார்.