மாமாவின் பைப்புக்கு மெழுகு

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மாப்பிள்ளையுடைய அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வெள்ளைக் கல்லில் கடைந்த, புகை பிடிக்கிற பைப் ஒன்று இருந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. கப்பல் இன்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். டாக்டர் சொல்லிப் புகையிலையை விட்டவர், பைப்பை மட்டும் விடவில்லை. காலிப் பைப்பைக் கடித்துக்கொண்டால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

அந்தக் கல் பழுப்பேறிப் பளபளப்பு இழந்திருந்தது. அக்கா கல்யாணத்துக்குள் இதை மின்ன வைத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். (அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. பட்டம் உண்டு, இன்டர்நெட் உண்டு, வேலை கிடையாது. இதைவிட ஆபத்தான ஆள் ஊரில் யார்?)

கேட்டதும் மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார். ஒன்று மரப் பைப். இன்னொன்று துருக்கித் துறைமுகத்தில் வாங்கிய அந்தக் கல் பைப். கல்லுக்கு மீர்ஷாம் என்று பெயராம். எங்கள் ஜெயங்கொண்டம் வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. "நம்ம பக்கத்து ஊர் மீன்சுருட்டி மாதிரி என்னமோ சொன்னாரே" என்றார் அப்பா. அன்றிலிருந்து அது மீன்சுருட்டிப் பைப்.

மரப் பைப் சுலபமாக வழிக்கு வந்தது. உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, வெளியே நைசான உப்புத்தாள் போட்டு, எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணன் தந்த மெழுகு பாலிஷைத் தடவினேன். மிக்ஸி மோட்டாரில் துணியைச் சுற்றி, ஓடவிட்டுக் காட்டியதும், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல் இருந்தது. (மறுநாள் சட்னியும் பளபளப்பாகத்தான் இருந்தது. அம்மாவிடம் கேட்காதீர்கள்.)

கல் பைப்புக்கு அந்தப் பாலிஷ் ஆகாது, சுத்தமான தேன்மெழுகை உருக்கிப் பூச வேண்டும் என்றது வீடியோ. ஆர்டர் போட்டால் கல்யாணத்துக்கு மறுநாள்தான் வருமாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சித்த வைத்தியத்தில் மெழுகு என்றே ஒரு மருந்து வகை இருக்கிறது, லேகியம்போல உள்ளுக்குச் சாப்பிடுவது. இது கடைக்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

"மெழுகு இருக்குங்களா?"

"யாருக்கும்மா?"

"எங்க மாமாவுக்குங்க."

"என்ன பண்ணுது?"

"வெள்ளையா இருந்ததுங்க. இப்ப பழுப்பேறி, அடியில கருத்துப்போச்சு."

"எத்தன வருஷமா?"

"இருவது இருக்கும்."

அவர் உச்சுக்கொட்டினார். "இம்புட்டு நாள் கவனிக்காம வுட்டுட்டீங்களே. அரிப்பு இருக்கா?"

"வாய் வைக்கிற எடத்துல மட்டும் லேசா அரிச்சிருக்குங்க."

அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தை, கல்லைப் பற்றிய அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன டப்பாவை நீட்டி, காலையில் சுண்டைக்காய் அளவு, சாயங்காலம் சுண்டைக்காய் அளவு என்றார். இரண்டு கோட்டிங் என்று புரிந்துகொண்டேன். "புளி மட்டும் சேக்கவே கூடாது" என்று கடைசியாக எச்சரித்தார். புளி போட்டுத் தேய்க்க இது என்ன பித்தளைக் குத்துவிளக்கா, இதுகூட எனக்குத் தெரியாதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, அதன்மேல் பைப்பை வைத்து, காலை ஒன்று, மாலை ஒன்று பூசினேன். வெண்மை வரவில்லை. கருப்பட்டி நிறம் வந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. எறும்பு மொய்த்தபோது, தேன்மெழுகு என்றால் எறும்பு வராதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெரம்பலூரில் மாமா வீட்டுக்குப் போய் இரண்டு பைப்பையும் கொடுத்தேன். மாமா கல் பைப்பை வாயில் வைத்தவர் எடுக்கவே இல்லை. "லேசா இனிக்குதும்மா" என்றார். சுத்தமான சரக்கு மாமா, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ரிசப்ஷன். விடிந்தால் முகூர்த்தம். மாமா மண்டபத்துக்குள் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய கீழுதடு வந்தது. உளுந்து வடை அளவு. "வாங்க வாங்க" என்று அவர் வரவேற்றது "ழாங்க ழாங்க" என்று கேட்டது.

மாப்பிள்ளையின் அத்தை, அதாவது மாமாவின் அக்கா, அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"பொண்ணு வூட்டுல மருந்து வச்சுட்டாங்க."

மாப்பிள்ளை வீட்டை முந்தானையில் முடிந்துகொள்ளச் சாப்பாட்டில் மருந்து வைப்பார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பேர் ஒட்டினால் ஆயுசுக்கும் போகாது. அப்பா முகம் வெளுத்தது. மேடையில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. விசாரிக்காமல் முகூர்த்தம் கிடையாது என்று அத்தை நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இனிப்பு, எறும்பு, உதடு மூன்றும் என் மண்டைக்குள் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து மாமா கையில் கொடுத்தேன். கடைக்காரர் கேட்டது, நான் சொன்னது, புளி உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். சேராங்கொட்டை (பட்ட இடமெல்லாம் வீங்கவைக்கிற கொட்டை) சேர்த்தது, நாள்பட்ட தோல் நோய்க்கு, வேளைக்குச் சுண்டைக்காய் அளவு. ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, நீ சொன்னது நெசந்தான். மருந்துதான் வச்சிருக்காங்க. ஆனா எனக்கில்ல, பைப்புக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உதடு வலித்து, அழுதுகொண்டே சிரித்தார். அத்தை விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். "அதுக்கு அரிப்பு இப்ப தேவலையாமா?" என்று மாமா கேட்டதும் அவருக்கும் சிரிப்பில் வாய் கோணிவிட்டது. மேடையில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்து, கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினாள். அவள் சரியாகிவிட்டாள் என்று தெரிந்தது. முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது.

ஆல்பம் முழுக்க மாமா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். அந்தப் பைப் இனி யார் வாய்க்கும் ஆகாது. பெரம்பலூர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடம் மாமா அதை "எங்க சம்பந்தி வூட்டு மருந்து" என்றுதான் காட்டுகிறார். மாமா வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபியை நீட்டியதும் புளி சேர்க்கலாமா என்று கேட்காமல் டம்ளரைத் தொடுவதில்லை.

போன வாரம் மாமா போன் செய்தார். கப்பலில் கூட வேலை பார்த்த நண்பரிடம் மூன்று கல் பைப் இருக்கிறதாம், என் பெயரைச் சொல்லிவிட்டாராம். (தைரியத்தைப் பாருங்கள்.) பச்சைமலையில் தேன் எடுப்பவர் ஒருவரிடம் தேனடையே கேட்டு வைத்திருக்கிறேன். நானே உருக்கி, நானே வடிகட்டப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அத்தை பஸ் ஏறி வருகிறார். மூன்றையும் முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப விடுவாராம்.